ஐந்தாவது தசமம்

படிவத்தில் பதினோரு கட்டங்கள்.
பெயர், படுக்கைகள், கூரையின் நிறம்,
பிறகு நீளமான இரண்டு எண்கள்:
பூமியின் மேல் எங்கே இருக்கிறோம் என்று
துப்பாக்கி வைத்திருக்கும் இரு தரப்புக்கும்
நாங்களே எழுதித் தர வேண்டும்.
அப்போதுதான் அடிக்க மாட்டார்கள்.

அப்போதுதான் குறி தப்பாது
என்றாள் மருத்துவச்சி இக்லாஸ்.

நான் பதிவேட்டு எழுத்தர்.
வருபவர் பெயர், வயது, காயம்.
போகிறவர் பெயர், நேரம்.
கொர்தொஃபான் மணல் காகிதத்துக்குள் புகுந்து
பேனா முனை கரகரக்கும். பழகிவிட்டது.

கூட்டம் அறுவை அறையில்.
அங்கேதான் ஜன்னல் இல்லை.
சட்டம் நம் பக்கம் என்றார் டாக்டர் முர்தளா,
மருத்துவமனை மேல் கை வைக்கக் கூடாதென்று
எல்லா நாடும் கையெழுத்திட்டிருக்கிறது.
இக்லாஸ் கையுறைகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்,
ஒருமுறை அணிந்து எறிய வேண்டியவை,
அது ஐந்தாவது சலவை.
அந்தக் கையெழுத்தை ட்ரோன்
எந்தக் கண்ணால் படிக்கும், டாக்டர்?
வடக்கே, இதே படிவத்தை நிரப்பியவர்கள்
மூன்றாம் நாள்...
அவள் முடிக்கவில்லை.

கொடுக்காத ஊரிலும் விழுந்தது,
என்றார் ஜெனரேட்டர் பார்க்கும் ஹம்தூன்.
விழுந்த பின் "தெரியாது" என்றார்கள்.
தெரியாது என்று சொல்லும் வசதியை
நாம் ஏன் செய்து தர வேண்டும்?

கூரையில் பிறை வரைந்தோம்.
சிவப்புச் சாயம் அரை டப்பா,
ஒரு முனைக்கே சரியாகிவிட்டது.
மீதிக்கு, விருந்தாளிக்குக் கொதிக்கவைக்கும் கர்கடேயை,
அந்தப் புளிப்புப் பூவை,
கெட்டியாகக் காய்ச்சி ஊற்றினோம்.
இரண்டு வெயிலில் ஊதா. மூன்றாவதில் கறை.
மேலிருந்து பார்ப்பவனுக்கு
நாம் மருத்துவமனையா, தேநீர் சிந்திய மேசையா
என்று ஹம்தூன் கீழிருந்து கத்த
சிரித்தோம், உள்ளே ஒரு குழந்தை
விழித்து அழும் வரை.

இரவு.
சாட்டிலைட் போனில் இருபது நிமிட சார்ஜ்.
எண்களைத் தட்டுவது என் வேலை.
இதை யாரிடமும் சொன்னதில்லை:
ஓர் எண்ணை மாற்றிவிடலாமா என்று நினைத்தேன்.
பொய்கூட இல்லை, கைதவறல்.

ஐந்தாவது தசமத்தை மாற்றினால்
பிரசவ அறையிலிருந்து கிணற்றடிக்கு நகரும்.
விடிய விடிய அங்கே குடங்கள், குடங்களுக்குப் பின்னால் ஆட்கள்.
நான்காவது, தேநீர் விற்கும் பக்கீத்தாவின் முக்காலிகள்.
மூன்றாவது பள்ளிக்கூடம்,
நாற்பது குடும்பங்கள் படுத்திருக்கும் அறைகளில்
கரும்பலகையில் ஒரு வகுத்தல் கணக்கு பாதியில் நிற்கிறது.
இரண்டாவது மழையோடை, வெறும் மணல்,
யாருமில்லை என்று விரல் வைத்தேன்.
ஆட்டுக்காரச் சகோதரர்கள் ஓடையில்தான் படுப்பார்கள்.
சின்னவனுக்கு நெஞ்சுச் சளி.
போன வாரம் அவன் பெயரை
நானேதான் எழுதினேன்.

முதலாவது தசமம், பதினோரு கிலோமீட்டர்,
உம் சரீஹா.
எனக்கு அங்கே யாரையும் தெரியாது.

தெரியாது.
அவர்கள் சொன்ன அதே சொல்
என் வாயிலும் எவ்வளவு வழவழப்பாக இருந்தது.

உள்ளபடியே அனுப்பினேன்.
ஒரு தரப்பிலிருந்து "பெறப்பட்டது" என்று வந்தது.
மற்றதிலிருந்து எதுவும் வரவில்லை.
எது நல்ல செய்தி என்று இக்லாஸ் கேட்டாள்,
கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல்
அலறல் கேட்ட பக்கம் போனாள்.

பெண் குழந்தை. இரண்டே முக்கால் கிலோ.
பிறந்த இடம் என்ற கட்டத்தில்
பழக்க தோஷத்தில் எண்ணை எழுதப் போய்
அடித்துவிட்டு ஊர்ப் பெயரை எழுதினேன்.

கரகரப்பு நின்ற பிறகுதான்
அந்த இன்னொரு சத்தம் காதில் விழுந்தது,
எங்கோ ஒரு மோட்டார், சீராக.

ஜெனரேட்டரா என்று கேட்டேன்.

ஹம்தூன் அதை நிறுத்திவிட்டு
என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.